ரேஷன் கார்டு முதல் மைகார்டு வரை
(குனோங் ராபாட் கடைக்காரன் ஒருவனின் வரலாற்றுக் குறிப்பு)



நம் சங்கத்தின் பொன்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது தயங்கினேன். நான் எழுத்தாளன் அல்லன். பொலிடெக்னிக்கில் மின்சாரத் துறையில் டிப்ளோமா முடித்தவன். அத்தாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் கடைக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டவன். "உனக்குத் தெரிந்ததை எழுது தம்பி" என்றார் குழுவில் இருந்த பெரியவர் ஒருவர். எனக்குத் தெரிந்தது அரிசியும் கணக்கும்தான். ஆகவே, இந்த வட்டாரத்தில் நம் மக்களுக்கு அரிசி எப்படிக் கிடைத்தது, அரசாங்கம் எப்போது கொடுத்தது, எப்போது தடுத்தது, அதற்கு எந்தக் கார்டை நீட்ட வேண்டியிருந்தது என்பதை எழுதுகிறேன்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. உதவி பெற உரியவர்கள் நம் குடும்பங்களிலேயே பலர் இருந்தும், இன்னும் பெறாமல் இருக்கிறார்கள். சிலரைக் கூச்சம் தடுக்கிறது. சிலரைக் கார்டின் நிறம் தடுக்கிறது.

சப்பான் காலம்

என் தாதா சிறு வயதில் ஊரிலிருந்து கப்பலேறி வந்து, ஈப்போ பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். போருக்கு முன்பு இந்த நாடு உண்ட அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. இங்கே ரப்பரும் ஈயமும், அங்கே நெல். கப்பல் ஓடும்வரை இதில் யாருக்கும் கவலை இல்லை.

1941 டிசம்பரில் ஜப்பானியர் இறங்கினார்கள். அந்த மாதக் கடைசிக்குள் ஈப்போ அவர்கள் கைக்குப் போனது. கப்பல் நின்றதும் அரிசியும் நின்றது. ரேஷன் வந்தது. வீட்டில் எத்தனை தலை என்று எழுதிக் கொடுத்து, வரிசையில் நின்று, அளந்து கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த அளவும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போனது. மக்கள் மரவள்ளிக் கிழங்கையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் நட்டு உயிர் வாழ்ந்தார்கள். தோட்டத்துத் தமிழர்களில் பல்லாயிரம் பேரைச் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துப் போனார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். அந்தக் குடும்பங்களின் பெண்களும் பிள்ளைகளும் எதைத் தின்று பிழைத்தார்கள் என்று தாதாவிடம் கேட்டால், "கெழங்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாராம். கடைசி வரை எங்கள் வீட்டில் அவர் மரவள்ளிக் கிழங்கைத் தொட்டதில்லை.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் வாழைமர நோட்டு செல்லாது என்றானது. சேர்த்து வைத்த பணம் ஒரே நாளில் வெறும் தாளானது. போர் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. அண்டை நாடுகளிலும் விளைச்சல் குறைந்து கிடந்ததால் அரிசிப் பற்றாக்குறை தொடர்ந்தது. சமூக நல இலாகா 1946-ல் தொடங்கப்பட்டது. இன்று நாம் ஜேகேஎம் என்று சொல்லும் இலாகாவின் வேர் இந்தப் பஞ்ச காலத்தில்தான் இருக்கிறது.

கம்பி வேலியும் ஓட்டை போட்ட டின்னும்

1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிரகடனமானது. நம் அடையாளக் கார்டின் வரலாறு இங்கேதான் ஆரம்பமாகிறது. 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் படத்துடன் பதிந்து கார்டு வைத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு அந்த ஆண்டில் வந்தது. காட்டில் இருப்பவர் யார், நாட்டில் இருப்பவர் யார் என்று பிரித்துப் பார்க்கத்தான் அந்தக் கார்டு.

1950-ல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி சுமார் ஐந்து லட்சம் பேர் காட்டோரங்களிலிருந்து பெயர்க்கப்பட்டுப் புதுக் கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் சீனர். பேராக்கில், அதிலும் இந்தக் கிந்தா பள்ளத்தாக்கில், இப்படிப்பட்ட கிராமங்கள் மிக அதிகம். இன்று ஹியோங் பியா பிஸ்கெட்டுக்குப் பேர்போன நம் குனோங் ராபாட்டும் அப்படி உருவான புதுக் கிராமம்தான். வெளியூர்ப் பிள்ளைகள் இங்கே வந்து பிஸ்கெட்டும் வாங்குகிறார்கள், குகைக் கோயில்களையும் படம் பிடிக்கிறார்கள். ஒரு காலத்தில் இதைச் சுற்றிக் கம்பி வேலி இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. தோட்டத்து லயங்களையும் அதேபோல் ஒரே இடத்தில் சேர்த்து வேலி போட்டார்கள்.

1951 முதல் உணவுக் கட்டுப்பாடு இறுகியது. காட்டுக்குள் அரிசி போகக் கூடாது என்பதே நோக்கம். பால் வெட்டப் போகும் தொழிலாளி சோற்றுப் பொட்டலம் கொண்டுபோக முடியாது, வாயிலில் சோதனை. கடைக்காரர் டின் உணவு விற்றால் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்ட டின் கெட்டுவிடும், பதுக்க முடியாது என்பது கணக்கு. சில இடங்களில் அரிசியாக விற்பதையே நிறுத்திவிட்டு, பொதுச் சமையலறையில் ஆக்கிய சோற்றை மட்டும் கொடுத்தார்கள். நம் வெயிலில் சோறு ஒரு நாளுக்கு மேல் தாங்காது அல்லவா!

கடைக்காரர் நிலைமை இரண்டு பக்கமும் இடி. யாருக்கு எவ்வளவு விற்றோம் என்று எழுதி வைக்க வேண்டும். கணக்கில் ஒரு கட்டி குறைந்தாலும் விசாரணை. இரவில் காட்டுக்காரன் வந்து கதவைத் தட்டினாலும் பயம். தாதாவின் கடைப் புத்தகப் பழக்கம் அங்கே தொடங்கியது என்று அத்தா சொல்வார். 1960 ஜூலை 31-ல் அவசரகாலம் முடிந்தது. புத்தகம் எழுதும் பழக்கம் மட்டும் எங்கள் வீட்டில் நின்றுவிட்டது.

555 புத்தகம்

நம் சங்கம் எழுபதுகளின் நடுவில் தொடங்கியபோது இங்கே வேலியும் இல்லை, ரேஷனும் இல்லை. அரசாங்கத்தின் உணவு உதவி வேறு உருவம் எடுத்திருந்தது. 1961-ல் பொருள் விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1971-ல் தேசிய நெல், அரிசி வாரியம். விவசாயிக்கு ஒரு விலை, வாங்குபவருக்கு ஒரு விலை என்று அரசு நடுவில் நின்றது. கையில் காசு கொடுக்கவில்லை. பொருளின் விலையைப் பிடித்து வைத்தது. இன்றும் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் 2 வெள்ளி 50 காசுக்குக் கிடைப்பது அந்த வழியில் வந்ததுதான்.

அதற்கும் வழியில்லாதவர்களுக்கு 555 புத்தகம் இருந்தது. உள்ளங்கை அளவு நோட்டு. அட்டையில் மூன்று ஐந்துகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று. அரிசி, பருப்பு, மீன் டின், மைலோ என்று எழுதி, சம்பள நாளில் அடித்துவிடுவோம். விண்ணப்பம் கிடையாது, வருமானச் சான்று கிடையாது. முகம்தான் சான்று.

1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் லம்போங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்த ஆண்டின் 555 புத்தகங்களை அத்தா ஒரு பிஸ்கெட் டின்னில் வைத்திருக்கிறார். பாதிப் பக்கங்களுக்கு மேல் அடிக்கப்படவே இல்லை. பிறகு தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டன. லயத்தை விட்டு வெளியேறியவர்கள் நகர ஓரங்களுக்கு வந்தார்கள். தோட்டத்தில் இருந்தபோது வீடும், காய்கறி போட நான்கடி நிலமும், கோழியும் இருந்தன. நகரத்தில் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். உணவு உதவி என்பது நம்மவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்பட ஆரம்பித்தது அப்போதுதான்.

விண்ணப்பக் காலம்

2007-க்குப் பிறகு ஏழைக் குடும்பங்களை ஒரே பதிவில் சேர்க்கும் இ-காசே வந்தது. 2012-ல் பிரிம் வந்தது. மாதம் 3,000 ரிங்கிட் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்கு 500 ரிங்கிட். ஆட்சி மாற மாறப் பெயரும் மாறியது: பிஎஸ்எச், பிபிஆர், பிகேஎம், 2023 முதல் எஸ்டிஆர். பெயர் மாறினாலும் பாரம் ஒன்றுதான்: அடையாளக் கார்டு எண், துணைவர் விவரம், பிள்ளைகள், வருமானம், வங்கிக் கணக்கு. பாரம் நிரப்ப எங்கள் கடைக்கு வருவார்கள். பொலிடெக்னிக்கில் படித்தவன் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. பிறரின் வருமானத்தை எழுதும்போது தெரியும், 555 புத்தகத்தில் ஏன் அந்தப் பக்கம் அடிக்கப்படவில்லை என்று.

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. மளிகைக் கடை திறந்திருந்தது. ஆனால் எங்கள் குடும்பத்தைத் தாங்கிய பசார் மாலாம் மசாலாக் கடை நின்றுபோனது. வாடிக்கையாளர் கையிலும் காசில்லை. 2021 ஜூலையில் நாடு முழுவதும் வெள்ளைக் கொடி ஏறியது. உணவில்லாத வீட்டார் கேட்க வாய் வராவிட்டால் வாசலில் வெள்ளைத் துணி கட்டட்டும், பார்ப்பவர் கொண்டுபோய்க் கொடுக்கட்டும் என்ற இயக்கம் அது. நம் சங்க இளைஞர்கள் அரிசி, முட்டை, எண்ணெய் என்று பை கட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பைகளில் பாதி எங்கள் கடையில் கட்டியவை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பகலில் பை கட்டிய நானே ஒரு ராத்திரி கைப்பேசியை வைத்துக்கொண்டு எனக்காக விண்ணப்பித்தேன். பிள்ளைக்குப் பால் மாவு வாங்கிய கடன் ஏறிக்கொண்டிருந்தது. முதல் தடவை நிராகரிக்கப்பட்டது. தப்பு என்னுடையதுதான்; கல்யாணமான விவரத்தைப் பதிவில் நான் புதுப்பிக்கவே இல்லை. ஊருக்கெல்லாம் பாரம் நிரப்பியவன் தன் பாரத்தைக் கோட்டை விட்டேன்! மேல்முறையீடு போட உட்கார்ந்தபோது அத்தா பார்த்துவிட்டார்.

"நாம கொடுக்கிற கைடா" என்றார்.

நான் பதில் பேசவில்லை. அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்த பிஸ்கெட் டின்னை எடுத்து வந்தார். அடியில் ஒரு பெரிய புத்தகம் இருந்தது. அது எங்கள் கடன் கணக்கு. 1986-ல் ஈப்போவில் இருந்த மொத்த வியாபாரியிடம் அத்தா வைத்த பாக்கி. அந்தச் சீன தவுக்கே பதினாலு மாதம் கேட்காமல் இருந்தாராம். ஊருக்கு அத்தா கடன் கொடுத்தார்; அத்தாவுக்கு அவர் கடன் கொடுத்தார். இதை அதுவரை வீட்டில் யாரிடமும் அவர் சொன்னதில்லை.

"உன் தாதா சப்பான்காரன்கிட்ட வரிசையில நின்னவருதான். நிக்கிறது வெக்கமில்ல. இருக்கிறத மறைச்சுப் பொய் சொல்லி நிக்கிறதுதான் வெக்கம். உள்ளத எழுது" என்றார்.

உள்ளதை எழுதினேன். கிடைத்தது. அந்த மாதம் பால் மாவுக் கடன் அடைந்தது. பசார் மாலாம் திறந்ததும் அடுத்த ஆண்டு எனக்குத் தேவைப்படவில்லை, விண்ணப்பிக்கவும் இல்லை.

கார்டே காசான காலம்

2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பர் 1-ல் இங்கே இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன் 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட் ஆனது. உள்ளூர் அரிசி 10 கிலோ 26 ரிங்கிட் என்பது கட்டுப்பாட்டு விலை. ஆனால் அடுக்கில் அரிசி இல்லை. தாதா காலத்துக் கப்பல் நினைவுக்கு வந்தது. எண்பது ஆண்டு ஆகியும் நம் சோறு அடுத்த நாட்டுத் தீர்மானத்தில்தான் தொங்குகிறது.

அந்தச் சமயத்தில் வளர்ந்ததுதான் சாரா எனப்படும் அடிப்படை ரஹ்மா உதவி. இது வங்கியில் போடும் பணமன்று. மைகார்டின் பெயரில் தொகை வைக்கப்படும். பதிவு பெற்ற கடையில் கார்டைச் செருகி அரிசி, முட்டை, ரொட்டி, மாவு, டின் உணவு, மருந்து, சோப்பு, பள்ளிப் பொருள்கள் போன்ற வகைகளில் வாங்கலாம். 2024-ல் சுமார் 7 லட்சம் பேர் பெற்றார்கள். 2025 ஏப்ரல் முதல் அது 54 லட்சமானது. பிறகு 2025 ஜூலையில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தபடி, 18 வயது நிறைந்த எல்லாக் குடிமக்களுக்கும், ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் பேருக்கு, தலைக்கு 100 ரிங்கிட். ஆகஸ்டு 31 முதல் டிசம்பர் 31 வரை செலவு செய்யலாம்.

முதல் நாள்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் கடைக்குப் போனதால் இணைப்பு திணறியது. எங்களைப் போன்ற சிறு கடைக்காரருக்கு வேறு கவலை. கார்டு படிக்கும் கருவியும் பார்கோடு முறையும் வைக்காத கடைக்கு அந்த 100 ரிங்கிட் வராது. பெரிய பேரங்காடிக்குப் போய்விடும். கடன் 555-ல், ரொக்கம் அங்கே! கசப்புடன்தான் நானும் பதிவுக்கு விண்ணப்பித்தேன். இதில் எனக்கு லாபம் உண்டு என்பதை மறைக்கவில்லை.

ஆனால் ஒன்று கவனித்தேன். அந்த நாள்களில் கூச்சம் குறைந்திருந்தது. தவுக்கேயும் அதே கார்டை நீட்டினார், துப்புரவுப் பணியாளரும் அதே கார்டை நீட்டினார். எல்லோருக்கும் உரியது என்றால் வாங்குபவன் குனிய வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் நம் உறவினர் வீடுகளில் இதைப் பார்க்கலாம். அங்கே ரேஷன் கார்டு குடும்பத்தின் அடையாளம் மாதிரி. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போக யாரும் தெரு மாறிப் போவதில்லை. அமெரிக்காவில் 1939-ல் உணவு முத்திரை தொடங்கியபோது ஆரஞ்சு நிறத்தில் ஒன்று, நீல நிறத்தில் ஒன்று என்று கொடுத்தார்கள். கடையில் அதை நீட்டினால் இவர் உதவி பெறுகிறவர் என்று பின்னால் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் முத்திரைத் தாளை விட்டு வங்கி அட்டை போன்ற அட்டைக்கு மாறினார்கள். கொடுப்பது எவ்வளவு என்பதோடு, எப்படிக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம்.

சிவப்புக் கார்டு

ஆகஸ்டு 31-க்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கடை திறந்தேன். எங்கள் தெருவில் தனியாக இருக்கும் பாட்டியம்மா ஒருவர் வந்தார். எண்பது தாண்டியவர். "எல்லாருக்கும் நூறு வெள்ளியாமே, எனக்கும் பாரு வாப்பா" என்று கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து கார்டை எடுத்தார். சிவப்புக் கார்டு.

சின்னப் பிள்ளையாக அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலில் வந்தவர். தோட்டத்தில் பால் வெட்டியவர். 1957-க்குப் பின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு வந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத அவருக்குச் சொல்ல ஆளில்லை. 1969-ல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலைக்குப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்றானபோது பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் இந்தியா திரும்பினார்கள். அவர் போகவில்லை. கணவரின் கபுர் இங்கே இருக்கிறது. அறுபது ஆண்டுக்கு மேல் இந்த மண்ணில் உழைத்தும் கார்டு சிவப்பு. நிரந்தரவாசி, குடிமகள் அல்லர். சாரா குடிமக்களுக்கு மட்டும்.

இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "சரி வாப்பா, நான் சும்மா கேட்டேன்" என்று முடிச்சைத் திரும்பக் கட்டிக்கொண்டார். அவர் சும்மா கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அரிசியும் முட்டையும் மைலோவும் எடுத்துப் பையில் வைத்தேன். "எழுதிக்க" என்றார் கண்டிப்பாக. புது 555 புத்தகம் ஒன்று எடுத்து எழுதிக்கொண்டேன். எழுதாவிட்டால் அவர் வாங்கமாட்டார்.

1948-ல் காட்டில் இருப்பவரையும் நாட்டில் இருப்பவரையும் பிரித்துப் பார்க்க வந்த கார்டு, இன்று அரிசி வாங்கித் தருகிறது. ஆனால் இவர் போன்றவர்களை இன்னும் வேலிக்கு வெளியேதான் நிறுத்தி வைத்திருக்கிறது.

சங்கம் என்ன செய்யலாம்?

ஹிஜ்ரி 18-ல் மதீனாவைச் சுற்றிக் கடும் பஞ்சம் வந்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியாவுக்கு எழுதி உணவு வரவழைத்தார்கள். மக்கள் வயிறு நிறையும் வரை தாமும் நெய்யும் இறைச்சியும் தொடாமல் இருந்தார்கள். பசித்தவனுக்கு உணவு சேர்ப்பது ஆட்சியின் கடமை என்பது நமக்குப் புதிதல்ல. அந்தக் கடமையிலிருந்து வருவதை வாங்குவது பிச்சையும் அல்ல.

ஆகவே பொன்விழா ஆண்டில் மூன்று காரியங்கள் செய்யலாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, மாதம் ஒரு ஞாயிறு சங்கக் கட்டடத்தில் விண்ணப்ப மேசை. கைப்பேசி தெரிந்த பிள்ளைகள் நான்கு பேர் போதும். எஸ்டிஆர், இ-காசே விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும்; கல்யாணம், மவுத்து, பிள்ளைப் பேறு, வீடு மாற்றம் எதையும் பதியாமல் விட்டால் என் கதைதான் நடக்கும். மாநில ஜகாத்துக்கு விண்ணப்பம் தனி. அதையும் அங்கேயே எழுதிக் கொடுக்கலாம். மேசையில் கேட்டது மேசையோடு நிற்க வேண்டும். வெளியே ஒரு சொல் போனால் அடுத்த மாதம் யாரும் வரமாட்டார்கள்.

இரண்டாவது, சிவப்புக் கார்டு வைத்திருக்கும் நம் முதியவர்களின் பட்டியல். பிறப்பு, கப்பல், தோட்டம், திருமணம் என்று எந்தத் தாள் இருந்தாலும் சேர்த்துக் கோப்பாக்கி, குடியுரிமை விண்ணப்பத்துக்குக் கூடவே போக வேண்டும். மலாய் மொழி நேர்முகத்துக்குப் பேசிப் பழக்கவும் ஆள் வேண்டும். அவர்களுக்கு நாள் குறைவு.

மூன்றாவது, அதுவரை அவர்களுக்குச் சங்கத்தின் சார்பில் மாதாமாதம் அரிசிப் பை. வீட்டுக்குப் போய்க் கொடுக்க வேண்டும். படம் எடுக்கக் கூடாது.

பாட்டியம்மாவின் கோப்பை நான் ஆரம்பித்துவிட்டேன். தோட்டத்துப் பழைய சம்பளச் சீட்டு ஒன்றும், நிக்காஹ் சான்றும் கிடைத்திருக்கின்றன. அவருடைய 555 புத்தகத்தில் இதுவரை மூன்று பக்கம் எழுதியிருக்கிறது. நீலக் கார்டு வந்ததும் முதல் மாத சாரா பணத்தில் அதை அடித்துவிடச் சொல்லி இருக்கிறார். இன்ஷா அல்லாஹ், அடிப்பேன்.